பன்னிரண்டு விழுக்காடு

திருப்பாலைக்குடிக்கு வடக்கே
வரைபடத்தில் பெயரில்லாத ஒரு கழிமுகத்தில்
சவுக்குக் கம்பு நட்டு
சென்டிமீட்டர் கோடு கிழித்து
பதினேழு நாளாகக் கடலை அளக்கிறேன்.

கச்சான் மாதங்களில்
பாக் விரிகுடா அலையடிக்காது.
மூச்சு விடும், அவ்வளவுதான்.
ஓதம் ஏறினால் முழங்கால்,
வற்றினால் கணுக்கால்.
முதுகலைப் பட்டத்துக்கு இது போதுமா என்று
விடுதியில் கேட்டார்கள்.
அணை உடைப்பைக் கணினியில் ஓடவிடுகிற வகுப்பில்
சேற்றுக்குப் போனவள் நான் ஒருத்தி.

சமன்பாடு எளியது.
பள்ளிக்கூடத்துத் தொட்டிக் கணக்கேதான்:
ஒரு குழாய் நிரப்பும், ஒரு குழாய் காலி செய்யும்,
எத்தனை மணியில் நிறையும்?
நவியே-ஸ்டோக்ஸ் வரை போய்த் திரும்பியும்
கடைசியில் வந்து நிற்பது
அந்தத் தொட்டியின் விளிம்பில்.

என் தொட்டி ஒத்துவரவில்லை.
ஏற்றத்தில் வந்தது நூறென்றால்
இறக்கத்தில் திரும்பியது எண்பத்தெட்டு.
ஆவியானதைக் கழித்தேன். கசிந்ததைக் கழித்தேன்.
ஓட்டமானியின் காற்றாடியில் சுற்றிய பாசியை
ஊக்கால் எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
எண்பத்தெட்டு.

வழிகாட்டி தொலைபேசியில் சொன்னார்:
"களப் பிழைம்மா. பத்துப் பன்னிரண்டு வரத்தான் செய்யும்.
குணகத்தைக் கொஞ்சம் ஏற்று, பொருந்திடும்."
மானிங் குணகம் என்பது
தெரியாததற்கெல்லாம் சேர்த்து
நாங்கள் வைத்திருக்கும் ஓர் எழுத்து.
ஏற்றினேன். பொருந்தியது.
பொருந்தியதால் தூக்கம் வரவில்லை.

இரவு அளவுகளை எடுப்பவர் சகுபர்.
ஐடிஐ டீசல் மெக்கானிக், என் வயதுதான்,
ராத்திரிக்கு முந்நூறு ரூபாய்.
அரைமணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துக்
கம்பைப் படித்து நோட்டில் எழுதுவார்.
ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவார்,
ஒன்றோடு குழம்பக் கூடாதாம்.

அந்த நோட்டை விரித்து உட்கார்ந்தேன்.
பதினொன்றரைக்கு 47.
பன்னிரண்டுக்கு 44.
நீர் ஏறவேண்டிய இரவில் ஒரு சின்னப் பள்ளம்,
இறங்கவேண்டிய இரவில்
இறக்கத்துக்குள் இன்னொரு இறக்கம்.

ஓதம் நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தும்.
அது நிலாவின் வழக்கம்.
இந்தப் பள்ளம் பிந்தவே இல்லை.
தினமும் பதினொன்றரை.
நிலா கைக்கடிகாரம் கட்டாது.

பதினெட்டாம் இரவு நானும் போனேன்.
கண்டல் செடிகளுக்கு அப்பால்
பதினொன்று இருபத்தெட்டுக்கு
ஒரு மோட்டார் இருமி இருமிப் பிடித்தது.
எட்டங்குலக் குழாய்கள் மூன்று.
இறால் பண்ணை.

வரப்போடு ஓடிவந்து
கழிநீரிலேயே கையைக் கழுவிக்கொண்டு
கம்புக்கு டார்ச் அடித்தார் சகுபர்.
அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.
டீசல் வாசனை
இருவருக்கும் நடுவில் நின்றது.

"அங்கயும் ராத்திரி வேலைதான். ஐந்நூறு தர்றாங்க."
பிறகு கம்பைப் பார்த்து, "நாப்பத்தேழு" என்றார்.
நோட்டில் எழுதினார்.
பேச ஒன்றுமில்லாமல் அரைமணி நேரம்
கொசு அடித்தோம்.
"நாப்பத்தி நாலு."

மோட்டார் போட்டதும் நீங்கள்,
எழுதியதும் நீங்கள்,
ஒருநாளாவது
கூட்டி எழுதியிருக்கலாமே என்றேன்.

"கம்பு காட்டுறதத்தானே எழுதச் சொன்னீங்க."

குணகத்தைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டேன்.
பன்னிரண்டு விழுக்காடு திரும்பி வந்து
அட்டவணையில் உட்கார்ந்துகொண்டது.
எதிரே எழுத வேண்டிய சொல்லும் தெரியும்.
எழுதினால் பண்ணைக்கு ஒரு நோட்டீஸ் வரும்,
பண்ணை முதலில் நிறுத்துவது
மோட்டாரை அல்ல.

மூல அளவுகளைக் கையெழுத்தோடு
பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்கிறது
துறையின் விதி.
இந்தக் கரையில் அந்தக் கையெழுத்தை
எல்லாருக்கும் தெரியும்.

விடிவதற்குள் முடிக்கவேண்டும்.
நோட்டைப் பக்கத்தில் வைத்து
ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறேன்.
எந்த எண்ணும் மாறவில்லை,
பதினொன்றரை பதினொன்றரையாகவே இருக்கிறது.
ஏழுகளில் மட்டும்
கோடு இல்லை.